மிட்டாய்ச் சிகரெட்டும் சட்டமும்

சட்டம் என்பது பெரும்பாலும் பொருளின் உள்ளீட்டை நோக்கியே பேசுவது. பண்டத்தில் நஞ்சு கலந்திருந்தால் விற்கக் கூடாது. பாலில் நீர் கலந்தால் அபராதம். எடைக்கல் குறைந்தால் தண்டனை. இவையெல்லாம் தராசும் சோதனைக் குழாயும் விடை சொல்லக்கூடிய வினாக்கள். ஆனால் சர்க்கரையையும் சோளமாவையும் சிறிது ஜெலட்டினையும் பிசைந்து, சுண்டுவிரலின் பருமன்கூட இல்லாத வெண்ணிறக் குச்சிகளாக இழுத்து, ஒரு நுனியில் மட்டும் செஞ்சாயம் தொட்டு, அட்டைப்பெட்டியில் வரிசையாக அடுக்கிக் குழந்தைகளுக்கு விற்கும்போது, எந்த ரசாயனப் பரிசோதகரும் அப்பண்டத்தில் ஒரு குற்றமும் காண இயலாது. அதில் புகையிலை இல்லை, நிகோடின் இல்லை, நெருப்பும் இல்லை. குற்றம் என்று ஏதேனும் இருக்குமாயின் அக்குச்சி எதைப் போலிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அவ்வாறு போலிருத்தலைக் குற்றமாக்க முடியுமா, முடியுமெனில் எந்தச் சொற்களால், என்ற வினாவோடு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாகப் பல தேசத்துச் சட்டசபைகள் போராடி வந்திருக்கின்றன.

இப்பண்டத்தின் பிறப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. 1893-ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜெர்மானியச் சாக்லெட் இயந்திரங்களைக் கண்டு வியந்து அவற்றை விலைக்கு வாங்கிய பென்சில்வேனியா மிட்டாய் வியாபாரி மில்டன் ஹெர்ஷி, தம் புதிய தொழிலின் தொடக்கக் காலச் சரக்குகளில் சாக்லெட்டாலான சுருட்டுகளையும் சிகரெட்டுகளையும் சேர்த்திருந்தார். அக்காலத்தில் சிகரெட் இன்னும் கௌரவம் பெறாத வஸ்து என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1890-க்கும் 1927-க்கும் இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவின் பதினைந்து மாநிலங்கள் சிகரெட் விற்பனையையே சட்டத்தால் தடுத்திருந்தன. பெரியவர்களுக்கு மறுக்கப்பட்ட ஒன்றின் சாயலைச் சிறுவர்களுக்கு இனிப்பாக்கி விற்கலாம் என்று வியாபார புத்தி அப்போதே கண்டுகொண்டது. அதில் அன்று எவரும் விபரீதம் காணவில்லை. முதல் உலக யுத்தத்தில் போர்வீரருக்குச் சிகரெட் பங்கீடாகவே வழங்கப்பட்டு, அவர்கள் வீடு திரும்பியபோது அப்பழக்கமும் கூடவே வந்து சேர்ந்த பிறகு, மிட்டாய்ச் சிகரெட்டும் தன் மூலத்தைப் போலவே நாடெங்கும் பரவியது.

அதன் வகைகளைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் பிற்காலச் சட்டங்களின் சிக்கல்கள் யாவும் இந்த நுட்பங்களிலேயே அடங்கியிருக்கின்றன. முதலாவது வகை மேலே சொன்ன சர்க்கரைக் குச்சி. சுண்ணக்கட்டி போன்ற வெண்மையும், பல் பட்டவுடன் முறியும் இயல்பும், தணல்போன்ற சிவந்த நுனியும் கொண்டது. இரண்டாவது, மெல்லிய வெள்ளைத்தாளில் சுற்றிய சாக்லெட். தாளின் ஒரு முனையில் பழுப்புப் பட்டை அச்சிட்டிருக்கும். அது சிகரெட்டின் வடிகட்டிப் பகுதியைக் குறிப்பது. மூன்றாவது வகையே சாதுரியத்தின் உச்சம்: மெல்லுகோந்தைத் தாளில் உருட்டி, தாளுக்கும் கோந்துக்கும் இடையே பொடித்த சர்க்கரையைத் தூவிவிடுவார்கள், குழந்தை ஒரு முனையை உதட்டில் வைத்து ஊதினால் மறுமுனையிலிருந்து வெண்தூள் புகைபோல் கிளம்பும். இழுப்பதற்குப் பதில் ஊதவேண்டும் என்பது ஒன்றே வேறுபாடு. பெட்டியைத் தட்டி ஒரு குச்சியை மேலெழச் செய்வது, இரு விரல்களுக்கிடையே அதைப் பிடிப்பது, நண்பனுக்கு நீட்டுவது, புகை விடுவது ஆகிய சடங்குகள் அனைத்தையும், புகை ஒன்று நீங்கலாக, ஆறு வயதுப் பாலகன் நாலு காசுக்குப் பயின்றுவிடலாம்.

இதைத் தடுக்க முதலில் துணிந்த இடங்களுள் வடக்கு டக்கோட்டா குறிப்பிடத்தக்கது. கோதுமை வயல்களும் கடுங்குளிரும் நிறைந்த அம்மாநிலம் 1895-இல் சிகரெட் விற்பனையையே தடைசெய்து, மூன்று தசாப்தங்கள் அத்தடையைக் காத்து, 1925-இல் அதனைக் கைவிட்டது. அம்மாநிலத்துச் சட்டசபையே 1953-இல் மிட்டாய்ச் சிகரெட்டைத் தடைசெய்தது. அந்த ஆண்டின் பொருத்தம் யோசிக்கத்தக்கது. புகையிலைத் தாரை எலிகளின் தோலில் பூசிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டிய ஆராய்ச்சி வெளியானதும், அதனால் கலங்கிய சிகரெட் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க்கின் பிளாஸா ஹோட்டலில் ஒன்றுகூடி எதிர்ப்பிரசாரத்திற்குத் திட்டமிட்டதும் அதே ஆண்டின் டிசம்பர் மாதத்தில்தான். ஆகவே அதற்கு முந்திய டக்கோட்டாவின் சட்டம் இந்த மருத்துவ ஆதாரத்தால் தூண்டப்பட்டதென்று கொள்ள வழியில்லை. பழைய ஒழுக்க இயக்கத்தின் எச்சமாகவே அதைக் கருதவேண்டும். இதைவிட விசித்திரம் அச்சட்டம் நீக்கப்பட்ட காலம். 1964 ஜனவரியில் அமெரிக்க அரசின் தலைமை வைத்தியர் லூதர் டெர்ரி, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள காரணகாரியத் தொடர்பை உலகறிய உரைத்தார். அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1967-இல், வடக்கு டக்கோட்டா தன் தடையை ரத்து செய்தது. ஆதாரம் உறுதிப்படாதபோது பிறந்த சட்டம் ஆதாரம் உறுதிப்பட்டபின் மாண்டது. சட்டங்கள் அறிவின் வளர்ச்சியோடு கைகோத்து நடக்கும் என்று நம்புவோர் இந்த உதாரணத்தை ஒருமுறை சிந்திப்பது நன்று.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் என் கவனத்தை மிகவும் கவர்வது, சட்டசபைகள் புதிதாக வடிக்க முயன்ற ஆயுதத்தைவிடக் கூர்மையான ஆயுதம் ஒன்று ஆதிமுதலே சட்டப்புத்தகத்தில் இருந்தது என்பதே. வியாபாரச் சின்னங்களைக் காக்கும் சட்டமே அது. ஒரு கம்பெனியின் பெயரையோ, அதன் பெட்டியின் நிறத்தையோ, எழுத்தின் வடிவத்தையோ பிறர் அனுமதியின்றி எடுத்தாண்டால் நீதிமன்றம் சென்று தடுக்கும் உரிமை சின்னத்தின் சொந்தக்காரருக்கு உண்டு. சிகரெட் கம்பெனிகள் அவ்வுரிமையைத் தம் போட்டியாளர்மீது பிரயோகிப்பதில் ஒருபோதும் சோம்பியதில்லை. அப்படியிருக்க, மிட்டாய்க்காரர்கள் பிரசித்தமான சிகரெட்டுகளின் பெயர்களையும் பெட்டிகளையும் ஏறத்தாழ அச்சுப் பிசகாமல் பகர்த்து, மளிகைக்கடைகளில் குழந்தைகளின் கண்ணுயரத்தில் அடுக்கிவைத்தபோது, அந்த உரிமையாளர்கள் நெடுங்காலம் மௌனமாயிருந்ததன் காரணம் என்ன?

இந்த வினாவுக்கு விடை 1998-க்குப் பிறகே கிட்டியது. மினசோட்டா மாநிலம் முன்பே தொடுத்து அவ்வாண்டு முடிவுக்கு வந்த வழக்கும், அவ்வாண்டே நாற்பத்தாறு மாநிலங்கள் புகையிலைக் கம்பெனிகளோடு செய்துகொண்ட பெரும் உடன்படிக்கையும், அக்கம்பெனிகளின் அந்தரங்கக் காகிதங்கள் கோடிக்கணக்கில் பொதுமக்கள் பார்வைக்கு வரக் காரணமாயின. அக்காகிதக் கடலில் மிட்டாய்ச் சிகரெட்டைத் தேடி இறங்கியவர் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை வைத்திய நிபுணர் ஜோனதன் க்ளைன். அவரும் அவருடைய சகா ஒருவரும் எழுதிய கட்டுரை 2000-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. மிட்டாய் உற்பத்தியாளர்கள் தங்கள் லேபிள்களைப் பயன்படுத்திக்கொள்ளச் சிகரெட் கம்பெனிகள் அனுமதித்து வந்ததை அவர்கள் ஆவணங்கொண்டே காட்டினர். 1940-களைச் சேர்ந்த ஒரு கடிதத்தில், கம்பெனி வழக்கறிஞர் ஒருவர், மிட்டாய்க்காரரோடு நட்புறவு காக்கவேண்டியும், இது ஒன்றும் மோசமான விளம்பரமில்லை என்று கருதியும், தாங்கள் ஆட்சேபம் எழுப்புவதில்லை என்ற கருத்துப்பட எழுதியிருக்கிறார். பின்னாளில் பொதுமக்கள் கண்டனம் வலுத்தபோது ஆட்சேபக் கடிதங்களும் எழுதப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் போட்டிக் கம்பெனியின்மீது காட்டிய சீற்றத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிட்டாய்க்காரர்மீது காட்டப்படவில்லை. காசு செலவின்றி, தம் கையெழுத்துமின்றி, வருங்கால வாடிக்கையாளரின் கையில் தம் பெட்டியைச் சேர்ப்பிக்கும் விளம்பரத்தை எந்த வியாபாரி நிறுத்துவான்? சட்டம் கையிலிருந்தும் அதைப் பிரயோகியாமல் விடுவதும் ஒருவகைச் செயலே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இளம் மனத்தில் சின்னங்கள் எவ்வளவு ஆழமாகப் பதிகின்றன என்பதைப் பிறிதோர் ஆராய்ச்சியும் காட்டியது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1991 டிசம்பரில் வெளியான அந்த ஆய்வில், மூன்று முதல் ஆறு வயதுவரையிலான குழந்தைகளிடம் பல வியாபாரச் சின்னங்களைக் கொடுத்து, எது எந்தப் பண்டத்திற்குரியது என்று பொருத்தச் சொன்னார்கள். ஆறு வயதினரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொருவர், கேமல் சிகரெட்டின் சின்னமான கேலிச்சித்திர ஒட்டகத்தைச் சிகரெட்டின் படத்தோடு பிழையின்றிப் பொருத்தினர். மிக்கி எலியை அடையாளங்கண்டவர் தொகையும் ஏறத்தாழ அதுவே. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத வயதில் சின்னத்தை வாசிக்கத் தெரிந்திருந்தது.

இனி, மிட்டாய்ச் சிகரெட் மெய்ச் சிகரெட்டுக்கு வழிவகுக்கிறதா என்ற கேள்விக்கு வருவோம். தடைச்சட்டத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இந்த இடத்தில் அவசரப்படுவதே வழக்கம். நாம் நிதானமாகப் பார்ப்போம். க்ளைன் முன்னரே செய்த ஆய்வொன்றில், ஆறாம் வகுப்பு மாணவர்களுள் மிட்டாய்ச் சிகரெட் உபயோகித்தவர்கள் மெய்ச் சிகரெட்டையும் சோதித்துப் பார்த்திருப்பதற்கான சாத்தியம் மற்றவர்களைவிட இரு மடங்காயிருந்தது; பெற்றோர் புகைப்பவரா இல்லையா என்பது இதை மாற்றவில்லை. 2007-இல் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட வயதுவந்தோரிடம் நடத்திய விசாரணையில், புகைப்போரிலும் முன்பு புகைத்து நிறுத்தியவரிலும் நூற்றுக்கு 88 பேர் சிறுவயதில் மிட்டாய்ச் சிகரெட்டைச் சுவைத்ததாகச் சொன்னார்கள். ஒருபோதும் புகைக்காதவரில் அவ்வாறு சொன்னவர் நூற்றுக்கு 78 பேர்.

இரண்டாவது கணக்கை மீண்டுமொருமுறை படித்துப் பார்த்தால், அது இரு கட்சியாருக்கும் முழுமையாக உதவாது என்பது புலனாகும். புகைக்காதவர்களிலேயே முக்காலுக்கு மேற்பட்டோர் அந்த மிட்டாயைத் தின்றிருக்கிறார்கள். ஆகையால் அதைத் தின்றவர் புகைப்பவராய் ஆவது விதியன்று. மறுபுறம், 88-க்கும் 78-க்கும் உள்ள இடைவெளி, இவ்வளவு பெரிய கூட்டத்தில் தற்செயலாக நேர்ந்ததென்று தள்ளிவிடத்தக்கதுமன்று. மேலும், பெரியவர்களிடம் அவர்களுடைய பால்யத்தை விசாரிக்கும்போது, புகைப்பவர்களின் நினைவு மிட்டாய்ச் சிகரெட்டின்பால் இயல்பாகவே சாயக்கூடும் என்ற சந்தேகமும் நியாயமானதே. துணிச்சலும் பெரியவரைப் பின்பற்றும் ஆசையும் மிகுந்த சிறுவர்கள் போலியையும் மெய்யையும் ஒருங்கே நாடியிருக்கலாம். அப்போது மிட்டாயைக் காரணமென்னாமல் அடையாளமென்பதே பொருந்தும். என் அபிப்பிராயத்தில், இந்த ஆராய்ச்சிகள் நிரூபணம் என்ற பெயருக்கு உரியனவல்ல, எச்சரிக்கைக்குப் போதுமானவை. சமூகம் இழப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் எச்சரிக்கையை ஆதாரமாகக் கொண்டு சட்டமியற்றுவது அநியாயமாகாது. குழந்தைக்குச் சர்க்கரை வேண்டுமெனில் அதற்கு ஆயிரம் வடிவங்கள் உண்டு. ஒரு வடிவத்தை இழப்பதால் எந்தச் சுதந்திரமும் குலைந்துவிடாது.

அமெரிக்கக் காங்கிரஸ் இந்த எச்சரிக்கையை ஏற்கவில்லை. 1970-இலும் 1991-இலும் மத்தியத் தடை பிரஸ்தாபிக்கப்பட்டு, இருமுறையும் தோற்றது. அந்நாட்டு அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வியாபாரப் பேச்சுக்கும் ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது. பள்ளிக்கூடங்களுக்கு ஆயிரம் அடிக்குள் புகையிலை விளம்பரப் பலகை வைக்கலாகாது என்று மாசசூசெட்ஸ் மாநிலம் வகுத்த விதிகளையே 2001-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. மெய்ப் புகையிலையின் விளம்பரத்தையே இவ்வளவு சிரமத்தோடு கட்டுப்படுத்த வேண்டிய நாட்டில், புகையிலையே இல்லாத மிட்டாயின் உருவத்தைக் கட்டுப்படுத்த முனைவோர் தயங்குவது வியப்பில்லை.

2009 ஜூன் 22-இல் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்ட குடும்பப் புகைத்தல் தடுப்புச் சட்டம் வந்தபோது, மிட்டாய்ச் சிகரெட்டும் ஒழிந்தது என்று அந்நாட்டார் பலர் எண்ணினர். அது தவறான எண்ணம். அச்சட்டம் தடுத்தது இதற்கு நேர்மாறான பண்டத்தை: மிட்டாயின் சுவையேற்றிய சிகரெட்டை. எலுமிச்சையும் தேங்காயும் பாகும் மணக்க விற்கப்பட்ட சிகரெட்டுகள் அவ்வாண்டு செப்டம்பர் 22 முதல் சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. மெந்தால் மட்டும் விலக்குப் பெற்றது. 2018 மே மாதத்தில், பழரசப் பெட்டியைப்போலவும் பிஸ்கோத்துப் பொட்டலத்தைப்போலவும் உறைகளில் நிகோடின் திரவத்தை விற்ற வியாபாரிகளுக்கு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமும் வர்த்தக ஆணையமும் சேர்ந்து பதின்மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பின. இவ்விரண்டிலும் உள்ளே இருந்தது புகையிலையோ அதன் சத்தோ ஆகையால் சட்டத்தின் கை நீண்டது. மிட்டாயைப்போல் வேஷமிட்ட புகையிலை குற்றம். புகையிலையைப்போல் வேஷமிட்ட மிட்டாய் குற்றமன்று. வேஷம் இரண்டிலும் ஒன்றே, அதைக் காணும் கண்களும் ஒன்றே. சட்டம் மட்டும் தன் பழைய வழக்கப்படி உள்ளீட்டையே கேட்கிறது.

மத்திய அரசு விட்ட இடத்தைச் சில நகரங்கள் எடுத்துக்கொண்டன. மினசோட்டாவின் தலைநகரான செயின்ட் பால், 2009-இல் மிட்டாய்ச் சிகரெட்டையும் கேலிப்பொம்மை வடிவிலான நெருப்புமூட்டிகளையும் தன் எல்லைக்குள் தடைசெய்தது. மூன்றாண்டுகள் கழித்து, பழங்கால மிட்டாய்களைத் தேடிவரும் வயதானவர்களுக்காக அவற்றைச் சேகரித்து விற்றுவந்த ஒரு சோடாக்கடைக்கு நகர அதிகாரிகள் சென்று, நிறுத்தாவிடில் ஐந்நூறு டாலர் அபராதம் என்று எச்சரித்தபோது, அச்செய்தி நாடெங்கும் பரிகாசமாகப் பேசப்பட்டது. பரிகாசத்தில் ஒரு நியாயமும் இருந்தது. இந்த மிட்டாயை இன்று வாங்குவோரில் கணிசமானோர் தம் பால்யத்தை வாங்கும் பெரியவர்கள். குழந்தையின் பெயரால் இயற்றிய சட்டம் பாட்டனாரின் ஏக்கத்தின்மீது பாய்ந்தால் அது தன் இலக்கை இழந்ததாகத்தான் தோன்றும். ஆனால் பாட்டனார் வாங்குவது பேரனுக்குக் கொடுப்பதற்காகவும் இருக்கலாமென்பதை அந்நகரத்தார் மறக்கவில்லை போலும்.

இங்கே மாறுபட்ட ஓர் உதாரணத்தைச் சொல்லாமல் செல்வது நேர்மையாகாது. அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்கள் நெடுங்காலமாக மெல்லும் புகையிலைக்கு அடிமைப்பட்டிருந்தனர். கன்னத்தில் அதை அடக்கி, ஆடுகளத்திலேயே துப்புவது அவ்விளையாட்டின் அங்கமாகவே கருதப்பட்டது. 1970-களின் இறுதியில் போர்ட்லாந்து நகரக் குழுவின் பந்துவீச்சாளர் ராப் நெல்சன், புகையிலையை வெறுத்தவர், அதைப்போலவே இழையிழையாகச் சீவிய மெல்லுகோந்தை ஒரு பையிலிட்டு மென்றால் என்ன என்று எண்ணினார். அவருடைய குழுத் தோழரும் எழுத்தாளருமான ஜிம் பௌட்டன் முயற்சியில் அது 1980-இல் 'பிக் லீக் சூ' என்ற பெயரில் சந்தைக்கு வந்து இன்றுவரை விற்கிறது. பையின் வடிவமும் இழைகளின் தோற்றமும் கன்னத்தில் அடக்கும் முறையும் புகையிலையினுடையவையே. நோக்கமோ புகையிலையிலிருந்து விலக்குவது. இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? தோற்றத்தை மட்டும் கேட்கும் சட்டம் இதையும் தண்டிக்கும். நோக்கத்தைக் கேட்கும் சட்டம் இதை விடுவிக்கும். ஆனால் அப்படிப்பட்ட சட்டத்தின்முன் எல்லா மிட்டாய்க்காரரும் தம் நோக்கம் பரிசுத்தமானதென்றே சாதிப்பர்.

சட்டத்தின் நிழல் பட்டதுமே வியாபாரிகள் செய்த முதற்காரியம் பெயரை மாற்றியது. பிரிட்டனில் மிட்டாய்ச் சிகரெட்டுகள் 'மிட்டாய்க் குச்சிகள்' ஆயின. சிவப்பு நுனி மறைந்தது, குச்சியும் பெட்டியும் அப்படியே நின்றன. ஆஸ்திரேலியாவில் சிகரெட்டின் கொச்சைப் பெயரையே தாங்கியிருந்த 'ஃபேக்ஸ்' என்னும் மிட்டாய், ஓரெழுத்தைத் திருத்திக்கொண்டு 'ஃபேட்ஸ்' ஆயிற்று. கனடாவில், வாயில் எந்நேரமும் சுங்கான் கவ்விய மாலுமி பாப்பாயின் படத்தோடு விற்றுவந்த பெட்டியிலிருந்து 'சிகரெட்' என்ற சொல் நீக்கப்பட்டு 'குச்சி' என்ற சொல் புகுந்தது. அந்நாட்டின் வடகோடிப் பிரதேசமான நுனாவுட் மட்டுமே சிகரெட்டைப் போன்ற பொருள்கள் அனைத்தையும் தடைசெய்யும் அளவுக்குச் சென்றது.

பெயர் மாற்றத்தோடு திருப்தியடையாமல் பண்டத்தையே அகற்றிய தேசங்களுள் பிரேசிலின் கதை விரித்துரைக்கத்தக்கது. சாவோ பாலோவை அடுத்த சாவோ கேட்டானோ தோ சுல் நகரில் 1935-இல் நிறுவப்பட்ட 'பான்' என்னும் சாக்லெட் தொழிற்சாலை, தாளில் சுற்றிய சாக்லெட் சிகரெட்டால் பிரசித்தி பெற்றது. அதன் செந்நிறப் பெட்டியின் முகப்பில் கறுத்த சிறுவன் ஒருவனும் வெளுத்த சிறுவன் ஒருவனும் விரல்களுக்கிடையே சிகரெட்டைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மூன்று தலைமுறைப் பிரேசிலியர் அந்தச் சிரிப்போடு வளர்ந்தனர். 1990-களில் கண்டனம் எழவே, கம்பெனி அதனைச் 'சாக்லெட் சுருள்' என்று பெயர் மாற்றி, சிறுவர்களின் கைகளிலிருந்து சிகரெட்டையும் எடுத்துவிட்டது. ஆயினும் 2002 நவம்பரில் அந்நாட்டுச் சுகாதாரக் கண்காணிப்பு ஸ்தாபனமான அன்விசா, சிகரெட், சுருட்டு முதலிய எந்தப் புகைபிடிக்கும் பொருளின் வடிவிலும் உணவுப் பண்டம் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் விளம்பரப்படுத்துவதையும் தடுத்து ஆணை பிறப்பித்தது. அவ்வாணையின் சிறப்பு, பண்டத்தின் வடிவத்தோடு நில்லாமல் சிகரெட்டுப் பெட்டியை ஒத்த உறையையும் அது தழுவியது. நான் மேலே விவரித்த வியாபாரச் சின்னத்தின் ரகசியத்தை அறிந்தவர் எழுதிய வாசகம் அதுவெனலாம். ஏனெனில் சிகரெட் கம்பெனிக்கு லாபம் தந்தது குச்சியைக் காட்டிலும் பெட்டியே.

ஐரோப்பாவின் வாசகங்கள் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் கவுன்சில் 2002 டிசம்பரில் அளித்த சிபாரிசு, புகையிலைப் பொருளை ஒத்திருக்கவேண்டும் என்ற தெளிவான உத்தேசத்தோடு குழந்தைகளுக்காகச் செய்த மிட்டாய்களையும் விளையாட்டுப் பொருள்களையும் விற்காதபடி தடுக்குமாறு அங்கத்தினர் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அயர்லாந்து அதே ஆண்டில் இயற்றிய பொதுச் சுகாதார (புகையிலை)ச் சட்டத்தில், உத்தேசத்தை விசாரியாமல், வழக்கமாகக் குழந்தைகளுக்கென விற்கப்படும் மிட்டாய் புகையிலைப் பொருளை ஒத்திருத்தலே போதுமென வைத்தது. இவ்விரண்டில் அயர்லாந்தின் முறையே மேலானது. உத்தேசத்தை நிரூபிக்கும் பாரம் அரசாங்க வக்கீலின்மீது விழுந்தால், பெட்டிக்கு இருபது காசு விலையுள்ள பண்டத்திற்காக எந்த அரசும் அந்த வழக்கை நடத்தாது.

இவற்றுக்கெல்லாம் சர்வதேச அளவில் ஒரு பொது ஆதாரம் 2003 மே மாதத்தில் உருவாயிற்று. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பதினாறாம் ஷரத்து, வயது வராதவருக்குப் புகையிலை விற்பதைத் தடுக்கும் வழிகளைக் கூறும்போது, அவர்களைக் கவரும்படி புகையிலைப் பொருள்களின் உருவில் செய்த மிட்டாய், தின்பண்டம், பொம்மை ஆகியவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் விலக்குவதை அவற்றுள் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் விற்பனைத் தடை கட்டாயம்; மிட்டாய்த் தடையோ அதற்கு உதவும் வழிகளில் ஒன்றாகக் கைக்கொள்ளலாமென்ற அளவில் நிற்பது. அந்த இடைவெளியிலேயே பல நாடுகள் வசதியாக உட்கார்ந்திருக்கின்றன. அமெரிக்கா கையெழுத்திட்டும் உடன்படிக்கையை இதுவரை ஊர்ஜிதம் செய்யவில்லை. இந்தியா 2004 பிப்ரவரியிலேயே செய்துவிட்டது.

இந்தியாவின் நிலை நமக்கு அயலானதன்று. பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடிகளுக்கிடையே சிகரெட் மிட்டாய்ப் பெட்டி நின்றதைக் காணாத தமிழ்க் குழந்தை ஒரு தலைமுறையில் அரிது. அவற்றுள் பெயர்பெற்றது 'பேண்டம்'. தமிழ்ச் சித்திரக்கதை வாசகர் மாயாவி என்று அறிந்த முகமூடி வீரனின் பெயரும் உருவமும் அதன் பெட்டியை அலங்கரித்தன. லீ ஃபால்க் படைத்த அவ்வீரன் மதுக்கடைக்குள் நுழைந்தாலும் பாலையே கேட்டு வாங்கிக் குடிப்பவன் என்பதை எண்ணும்போது, சிகரெட் பெட்டிக்கு அவனைக் காவல் வைத்தவரின் ரசனையை என்னவென்பது! பிற்காலத்தில் அந்தப் பெட்டியும் பிற தேசத்துப் பெட்டிகளைப்போலவே 'சிகரெட்' என்ற சொல்லை உதிர்த்துவிட்டது.

நம் சட்டமோ வழக்கம்போல் உள்ளீட்டைப் பற்றியே பேசுகிறது. 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் புகையிலைப் பொருள்கள் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பதையும், கல்விச்சாலையிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதையும், விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. ஆனால் அச்சட்டம் காணும் பொருள் மெய்ப் புகையிலையே. 2011-இல் வகுக்கப்பட்ட உணவுப் பாதுகாப்பு விதிகள் உணவுப் பண்டத்தில் புகையிலையும் நிகோடினும் சேரலாகாது என்கின்றன. சர்க்கரைக் குச்சியில் அவை சேர்வதில்லை. ஆகவே பள்ளிக்கூட வாசலில் சிகரெட் விற்பவர் குற்றவாளி. அவருக்குப் பக்கத்திலேயே அதன் உருவத்தை விற்பவர் மிட்டாய் வியாபாரி.

இக்குறையை நீக்கப் புதிய சட்டமொன்று அவசியமில்லை. இருக்கும் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தாலே போதும். அப்பிரிவை எழுதுவோர் ஐரோப்பியச் சிபாரிசின் உத்தேச நிபந்தனையை விடுத்து, அயர்லாந்தைப்போல் ஒப்புமையையே போதிய காரணமாக்கி, பிரேசிலைப்போல் உறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒப்புமையை அளக்கும் இடத்திலும் 'புகையிலைப் பொருள்' என்று பரந்துபட எழுதாமல், சிகரெட், பீடி, சுருட்டு, சுங்கான் எனப் பெயர் குறித்து எழுதினால், மெல்லுகோந்துப் பை போன்றவை தேவையின்றி வலையில் சிக்கா. தண்டனை கடைக்காரருக்குச் சிறிதாகவும் உற்பத்தியாளருக்குப் பெரிதாகவும் இருத்தல் வேண்டும். பெட்டிக்கடைக்காரர் லேபிளை அச்சடிப்பவரல்லர். இவற்றோடு இன்னுமொரு வாசகம் என் யோசனை: தன் வியாபாரச் சின்னத்தையோ பெட்டியின் தோற்றத்தையோ மிட்டாயில் கண்டும் குறிப்பிட்ட காலத்துக்குள் ஆட்சேபியாத சிகரெட் கம்பெனி, அந்த மிட்டாய்ப் பெட்டியைத் தானே விளம்பரமாக வெளியிட்டதாகக் கருதப்படும் என்று எழுதிவிட்டால், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவிலுள்ள விளம்பரத் தடை அப்போதே அதன்மீது பாயும், எந்தப் பரிசோதகரும் கடைகடையாய் அலையவேண்டிய அவசியமின்றி, சின்னத்தின் உரிமையாளர்களே முதல் வழக்கைத் தொடுத்துவிடுவார்கள்.